கருத்துக்கேட்புக் கூட்டத்தில் குறிப்பெடுத்த 11 வருடம்

கூட்டத்துக்கு மறுநாள் வெளியாகும் புகைப்படங்களில் மேடை இருக்கும், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இருப்பார், பின்வரிசையில் கைதூக்கிய நாலு பேர் இருப்பார்கள். ஓரத்தில் சின்ன மேஜை போட்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். அது நான்தான். அரசு நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் வேலை. முதல் ஆறு வருடம் குறிப்பு மட்டும். அப்புறம் கூட்டத்தையே நடத்திக் கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. சாலை, பூங்கா, பேருந்துத் தடம், குப்பை பிரிக்கும் நிலையம் என்று எதற்கெல்லாமோ மக்களைக் கூட்டிக் கருத்து கேட்டிருக்கிறோம். கேட்டதில் எவ்வளவு உண்மையாகவே கேட்டோம் என்பது வேறு கதை. அதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன்.

பேருந்துத் தடங்களை மாற்றியமைக்கும் திட்டம் அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறுத்தங்களை ஒன்றாக்கினால் பேருந்து வேகமாகப் போகும் என்பது யோசனை. தவறான யோசனையும் இல்லை. கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எழுந்தார். "எங்க வீட்டு வாசல்லேர்ந்து இப்ப இருக்கிற ஸ்டாப்புக்கு நான் 410 அடி எடுத்து வைக்கணும். நானே எண்ணியிருக்கேன். பாதி வழியில பள்ளிக்கூடத்து மதில் ஓரமா ஒரு திண்டு இருக்கு. அதுல உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் போவேன். நீங்க சொல்ற புது ஸ்டாப்புக்கு 900 அடிக்கு மேல வருது. நடுவுல உக்கார ஒரு கல்லுகூடக் கிடையாது" என்றார். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் வேகமாக எழுதினேன். ராத்திரி அறிக்கை தயாரிக்கும்போது அது இப்படி ஆனது: "நடைதூரம் அதிகரிப்பது குறித்துச் சிலர் கவலை தெரிவித்தனர்."

நல்ல வாக்கியம். இலக்கணப் பிழை கிடையாது. மேலதிகாரி ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்திட்டார். திட்டம் போட்ட பொறியாளர் அதைப் படித்துவிட்டு, சராசரி நடைதூரம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று பதில் எழுதினார். கோப்பு மூடப்பட்டது.

சில மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக் கூட்டம். அந்த அம்மா மேடைப் பக்கமே போகவில்லை. அறிக்கையின் நகலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, அன்னிக்கு எழுதினது நீதானே?"

"ஆமாங்கம்மா."

"என் பேரன் இதை முழுசாப் படிச்சுப் பாத்துட்டான். நான் சொன்னது எங்க இருக்கு?"

பக்கத்தைப் புரட்டி, அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீயே வாசி என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது நான் சொன்னதில்லையே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கூட்டம் தொடங்குமுன்பே வெளியே போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. அவர் தூரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உட்கார இடம் இல்லாததைப் பற்றிப் பேசினார். தூரத்துக்குத் தீர்வு நிறுத்தத்தை மாற்றுவது; பெரிய வேலை. உட்கார இடமில்லாததற்குத் தீர்வு ஒரு பெஞ்ச். பொறியாளருக்கு அந்த இரண்டாவது தகவல் போய்ச் சேரவே இல்லை. வழியில் அதைத் தொலைத்தது நான். அதுவரைக்கும், மக்கள் அரசை நம்பாமல் போவதற்கு மேடையில் இருப்பவர்களே காரணம் என்று சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் சுருக்கி எழுதுவது திறமை என்று பழக்கியிருக்கிறார்கள். தெரிவித்தனர், கேட்டுக்கொண்டனர், வலியுறுத்தினர். இந்த மூன்று வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே அடக்கிவிடலாம். பதில் எழுதுபவர்களுக்கும் இதேபோல ஒரு சொத்து உண்டு: "ஆவன செய்யப்படும்." யார் செய்வார், எப்போது செய்வார், என்ன செய்வார், மூன்றும் இல்லாமல் ஒரு வாக்கியம் முழுமையாக நிற்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பிறகு மூன்று விஷயத்தை மாற்றினேன். பேசியவரின் சொல்லிலேயே எழுதுவது, அதில் எண் இருந்தால் எண்ணையும் விடாமல் எழுதுவது முதலாவது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணைப் பேசியவரிடமே ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது, அவர் உட்காருமுன் எழுதியதை வாசித்துக் காட்டி, "சரியா?" என்று கேட்பது. கடைசி விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. நேரம் போகும் என்றார்கள். போகத்தான் செய்தது. ஆனால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தான் சொன்னது எழுத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் மனிதர்கள் அதையே மூன்றாம் முறை, நாலாம் முறை சொல்வதை விட்டுவிட்டார்கள். கத்துவதும் குறைந்தது. காது கேட்காதவரிடம்தானே சத்தம் போட்டுப் பேசுவோம்?

அடுத்தது நான் இன்றைக்கும் நினைத்தால் கூசும் ஒரு மாலை.

குப்பை பிரிக்கும் நிலையத்துக்கு இடம் தேர்வு. மூன்று இடங்களின் வரைபடங்களைச் சுவரில் மாட்டியிருந்தோம். எந்த இடம் உங்களுக்குச் சம்மதம் என்று கேட்பதாகத்தான் அழைப்பிதழ். அரை மணி நேரம் பேச்சு நன்றாகத்தான் போனது. ஒருவர் சாய்தளம் வேண்டும் என்றார், ஒருவர் லாரி வரும் நேரத்தைப் பற்றிக் கேட்டார். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்து, ஃபோனைப் பார்த்து ஏதோ வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது இடத்தில் சுற்றுச்சுவர் கட்டுவதற்கான டெண்டர் அறிவிப்பு. தேதி, கூட்டத்துக்கு ஒன்பது நாள் முந்தையது.

அவர் வாசித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. மேடையில் இருந்தவர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்துக் குடித்தார். நான் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தில் "டெண்டர்" என்ற சொல்லோடு பேனா நின்றுபோனது. கூட்டம் கலைவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் நாற்காலியை உடைக்கவில்லை, கோஷம் போடவில்லை. எழுந்து, பேசிக்கொண்டே வெளியே போனார்கள். அந்த அமைதி கோஷத்தைவிட மோசம். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் எந்தத் துறை எதற்குக் கூட்டம் போட்டாலும் இருபது பேர் வந்தால் அதிகம். நூலகத்துக்கு இடம் பார்க்கும் கூட்டம்கூடக் கண்துடைப்பு என்றே ஆகிவிட்டது. ஒரு துறை செய்ததற்கு எல்லாத் துறையும் வட்டி கட்டுகிறது. மக்களுக்கு அரசு என்பது ஒன்றுதான்; எங்கள் துறைப் பிரிவுகளெல்லாம் எங்கள் பெயர்ப்பலகையில் மட்டும்.

இந்த விஷயத்தில் ஒரு பழைய வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 1985ல் லண்டனின் பிரென்ட் பகுதி நிர்வாகம் பள்ளிகளை மூடுவது, இணைப்பது பற்றி நடத்திய கருத்துக்கேட்பை எதிர்த்துப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். கன்னிங் வழக்கு என்று பெயர். பெற்றோருக்காக வாதாடிய ஸ்டீஃபன் செட்லி நாலு நிபந்தனைகளை முன்வைத்தார், நீதிபதி ஏற்றுக்கொண்டார். திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைக் கொடுக்க வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை முடிவெடுக்கும்போது மனசாட்சியோடு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2014ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஹாரிங்கே என்ற இன்னொரு லண்டன் பகுதியின் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வரிச் சலுகையைக் குறைக்கும் திட்டத்துக்குக் கருத்து கேட்ட நிர்வாகம், பற்றாக்குறையைச் சமாளிக்க வேறு வழிகள் இருந்தன, அவற்றை ஏன் ஒதுக்கினோம் என்பதைச் சொல்லவே இல்லை. ஒரே ஒரு வழியைக் காட்டிக் கருத்து கேட்பது நியாயமில்லை என்றது நீதிமன்றம்.

எங்கள் டெண்டர் கூட்டம் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிட்டது. நாங்கள் மூன்று இடங்களைக் காட்டியது, ஒரே வழியைக் காட்டுவதைவிடக் கேவலம்.

அதற்குப் பிறகு கூட்டம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோது, வாசலில் ஒரு பெரிய தாளை ஒட்டும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். மூன்று கட்டங்கள். முடிவாகிவிட்டது. இன்னும் முடிவாகவில்லை. எங்கள் கையில் இல்லை. கூட்டத்துக்கு முன்பே அதிகாரிகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு விஷயத்தையும் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். முதல் கட்டத்தை நிரப்ப அவர்களுக்கு மனசே வராது. "முடிவாகிவிட்டது என்று எழுதினால் சண்டைக்கு வருவார்களே?" சண்டை வரும். ஆனால் அது முடிவைப் பற்றிய சண்டை. மறைத்துப் பிடிபட்டால் வரும் சண்டை வேறு வகை, அது தீராது. நடுக் கட்டம் காலியாக இருந்தால் கூட்டமே வேண்டாம், அறிவிப்பு போதும் என்று சொல்லும் தைரியம் எனக்கு வர இரண்டு வருடம் ஆனது. அப்படி நிறுத்திய கூட்டங்கள் ஐந்தாறு இருக்கும். என் வேலையில் நான் பெருமைப்படும் சில விஷயங்களில் இதுவும் ஒன்று, நடத்தாத கூட்டங்கள்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969ல் எழுதிய கட்டுரையில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அரசின் வீட்டுவசதித் துறையிலேயே வேலை பார்த்தவர். அடிமட்டத்தில் ஆட்டிவைத்தல், உச்சியில் மக்கள் கையிலேயே அதிகாரம். கருத்து கேட்பது நாலாவது படி. கேட்பதோடு நின்றுவிட்டால் அது பெயரளவுப் பங்கேற்புதான் என்பது அவர் கணக்கு. 11 வருடம் நாலாம் படியில் நின்றிருக்கிறேன் என்று அதைப் படித்த அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் ஒன்று சொல்வேன். எட்டாம் படி என்று சொல்லிக்கொண்டு நாலாம் படியில் நிறுத்துவதுதான் துரோகம். நாலாம் படி என்று சொல்லிவிட்டு ஒழுங்காக நிற்பவரை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள்.

யார் வருகிறார்கள் என்பது இன்னொரு தலைவலி. வேலைநாள், காலை 11 மணி. யார் வருவார்? ஓய்வு பெற்றவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், எதிர்க்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். அதே பன்னிரண்டு முகங்கள். பெயரைக் கேட்காமலே என்னால் எழுத முடியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் வராவிட்டால் அரங்கு காலி. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரை வைத்து "பொதுமக்கள் தெரிவித்தனர்" என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

ஒருமுறை குலுக்கலில் ஆள் எடுத்துப் பார்த்தோம். முகவரிப் பட்டியலிலிருந்து வயது, பால், பகுதி பார்த்துக் குலுக்கிக் கடிதம் அனுப்பினோம். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. இது ஏதோ மோசடி என்று சிலர் ஃபோன் போட்டு விசாரித்தார்கள். அரசு வலியக் கூப்பிட்டுக் கருத்து கேட்கிறது என்றால் சந்தேகம் வருவது இயல்புதானே. வந்த இருபத்துச் சொச்சம் பேரில் இரவுப் பணி பார்க்கும் ஒருவர் இருந்தார். முதல் நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் தெருவிளக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ராத்திரி ரெண்டரை மணிக்கு நீங்க யாராவது அந்தத் தெருவுல நடந்திருக்கீங்களா?" என்று கேட்டார். யாரும் நடந்ததில்லை. அதற்குப் பின் அந்த மேஜையில் பேச்சின் போக்கே மாறியது. அவர் தானாகக் கூட்டத்துக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. பகலில் தூங்குகிறவர்.

இந்த முறையை அயர்லாந்து தேச அளவில் செய்து பார்த்தது. 2016ல் தொடங்கிய குடிமக்கள் மன்றத்தில் குலுக்கலில் எடுத்த 99 பேர், தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்புத் தடை என்ற, அரசியல்வாதிகள் தொடவே பயந்த விஷயத்தை வார இறுதிகளில் உட்கார்ந்து பேசினார்கள். மருத்துவர், சட்ட வல்லுநர், எதிர்ப்பவர், ஆதரிப்பவர், பாதிக்கப்பட்ட பெண்கள் என்று எல்லோரையும் கேட்டார்கள். அப்புறம் 2018 மே 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள். எல்லோரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதன் தொடர்ச்சிதான் முக்கியம். அதே நாட்டில் பாலினச் சமத்துவம் பற்றிய இன்னொரு மன்றம், குடும்பத்தில் நடக்கும் பராமரிப்பு வேலையை அரசு ஆதரிக்கக் கடமைப்பட்டது என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பரிந்துரைத்தது. அரசு வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனபோது, ஆதரிக்க "முயலும்" என்ற அளவுக்கு வாசகம் நீர்த்துப் போயிருந்தது. 2024 மார்ச்சில் 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஒரு வினைச்சொல்லின் தலையில் மொத்தப் பழியையும் போட மாட்டேன். ஆனாலும் சுருக்கி எழுதியே பிழைத்தவள் என்ற முறையில் அந்த "முயலும்" எனக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தியது.

இணையவழிக் கருத்துக்கேட்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிவம் போட்டால் ஒரே வாக்கியம் நூற்றுக்கணக்கில் வரும். யாரோ எழுதிக் கொடுத்ததை எல்லோரும் ஒட்டியிருப்பார்கள். அவற்றைத் தூக்கி எறியவும் கூடாது, வாக்கு போல எண்ணவும் கூடாது. ஒரு கருத்தாக எடுத்து, இத்தனை பேர் அனுப்பினார்கள் என்று பக்கத்தில் எழுதிவிடலாம். தைவானில் 2015ல் ஊபர் வாடகைக் கார் விவகாரத்தைப் பேசப் பயன்படுத்திய போலிஸ் (Pol.is) என்ற மென்பொருளில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு: அடுத்தவருக்குப் பதில் எழுதும் வசதியே கிடையாது. ஒருவர் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம், அல்லது சொந்தமாக ஒன்றைச் சொல்லலாம். சண்டைக்கு இடமே இல்லாததால், இரண்டு தரப்பும் எங்கே ஒத்துப்போகிறது என்பது மேலே மிதந்து வருகிறது. காகிதத்தில் இதைச் செய்து பார்த்தேன், வண்ணச் சீட்டுகளை வைத்து. ஓரளவு வேலை செய்தது. சீட்டை ஒட்டும் பசைதான் சரியில்லை, பாதி கீழே விழுந்துவிட்டது.

சரி, நம்பிக்கைக்கு வருகிறேன். ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2023ல் 30 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், தேசிய அரசின்மீது ஓரளவாவது நம்பிக்கை உள்ளவர்கள் 39 சதவீதம், நம்பிக்கை இல்லாதவர்கள் 44 சதவீதம். அரசு செய்வதில் தங்கள் பேச்சுக்கும் இடமிருக்கிறது என்று நினைப்பவர்களில் 69 சதவீதம் பேர் அரசை நம்புகிறார்கள். இடமில்லை என்று நினைப்பவர்களில் 22 சதவீதம்தான். நம்புகிறவர்களுக்குத்தான் தங்கள் பேச்சு எடுபடுவதாகத் தோன்றுமோ என்னவோ, அப்படியும் இருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி என்பது எனக்கு ஆச்சரியமில்லை. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாருக்கும் இருக்காது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை நம்ப மறுப்பார்கள்: மக்கள் "முடியாது" என்ற பதிலுக்கு அவ்வளவாகக் கோபப்படுவதில்லை. ஒரு பூங்காத் திட்டத்தில் நாய்களுக்குத் தனி இடம் கேட்டு ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். இடம் போதவில்லை, கிடைக்கவில்லை. வழக்கம்போல "பரிசீலிக்கப்பட்டது" என்று முடித்திருக்கலாம். அதற்குப் பதில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். நீங்கள் கேட்டது இது, மைதானத்தின் அளவு இவ்வளவு, குழந்தைகள் பகுதிக்கும் நடைபாதைக்கும் போக மிஞ்சியது இவ்வளவு, வேலி போட இவ்வளவு தேவை, ஆகவே இந்த முறை முடியவில்லை, இந்த முடிவை எடுத்தவர் இன்னார், அவரைச் சந்திக்க வேண்டுமானால் இந்த நாள். அவர் சந்திக்க வந்தார். அரை மணி நேரம் வாதாடினார். தோற்றுப் போனார். அடுத்த கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அந்தக் கடிதத்தின் நகலைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக்கொண்டு. கேட்டதில் ஒன்றுகூடக் கிடைக்காத மனிதர்.

அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் சிகாகோ நகரவாசிகளிடம் பேசி எழுதிய ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. முடிவு தனக்குச் சாதகமா என்பதைவிட, தன்னை நியாயமாக நடத்தினார்களா, தான் சொன்னதைக் கேட்டார்களா என்பது மனிதர்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

பிரான்சில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2019 அக்டோபரில் பருவநிலை பற்றிப் பேசக் குலுக்கலில் 150 பேரைக் கூட்டினார்கள். வடிகட்டாமல் அப்படியே முன்னெடுப்பேன் என்று அதிபர் மக்ரோன் வாக்குக் கொடுத்தார். 149 பரிந்துரைகள் வந்தன. மூன்றை உடனே ஒதுக்கினார், பின்னால் பல சட்டமாகும்போது இளைத்துப் போயின. 2021ல் அதே உறுப்பினர்கள் கடைசியாகக் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டது என்று மதிப்பெண் போட்டார்கள். சராசரி, பத்துக்கு 3.3. அந்தப் பரிந்துரைகளில் கணிசமானவை ஏதோ ஒரு வடிவத்தில் நிறைவேறத்தான் செய்தன. "வடிகட்டாமல்" என்ற ஒரு சொல்லைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அதே வேலைக்கு ஐந்தோ ஆறோ மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். மேடையேறும் எந்த அதிகாரியிடமும் நான் முதலில் கெஞ்சிக் கேட்பது, உற்சாகத்தில் எதையும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான்.

பெல்ஜியத்தில் ஜெர்மன் பேசும் சின்னப் பகுதி ஒன்று 2019ல் செய்த ஏற்பாடு இன்னும் பிடித்திருக்கிறது. நிரந்தரமான குடிமக்கள் அவை. 24 பேர், குலுக்கலில் எடுத்து, சுழற்சி முறையில் மாறுவார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். அதற்கென்று குலுக்கலில் கூடும் தனி மன்றத்தில் உருவாகும் பரிந்துரையை அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் விவாதிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

பணம் கையில் இல்லாமல் கூட்டம் கூட்டாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989ல் பட்ஜெட்டையே மக்களிடம் விவாதிக்கக் கொடுத்தது, உலகமே அதைக் காப்பியடித்தது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. கேட்டதைச் செய்யக் கஜானாவில் ஒன்றும் இல்லை, சம்பளத்துக்கே போய்விட்டது. வரியைச் சீர்படுத்தி, பணம் வந்து, கேட்ட சாக்கடையும் சாலையும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு 1992ல் கூட்டம் எட்டாயிரத்தை நெருங்கியது. விளம்பரத்துக்கு ஆகும் செலவில் ஒரு சாக்கடையைக் கட்டிக் காட்டினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும்.

இப்போது நாங்கள் செய்வது ஒரு அட்டவணை, அவ்வளவே. வரிசை எண், நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது அல்லது செய்யாதது, ஏன், யார் பொறுப்பு. கூட்டம் முடியும்போதே அட்டவணை வெளியாகும் தேதியை அறிவித்துவிடுவோம். அன்றைக்கு எல்லாப் பதிலும் தயாராக இருக்காது. இருந்தாலும் வெளியிட்டுவிடுவோம், "இன்னும் பதில் வரவில்லை" என்று அந்தக் கட்டத்தில் எழுதி, எந்த அலுவலகத்திலிருந்து வரவில்லை என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகு பதில்கள் வரும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் நிறுத்தம் திரும்ப வரவில்லை. என் பழைய நோட்டைத் தேடி எடுத்து, அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன், 410, 900, திண்டு எல்லாம் சேர்த்து. ஏழு மாதம் கழித்துப் பாதி வழியில் ஒரு பெஞ்ச் வந்தது. தகவல் சொல்லி அவருக்கு ஒரு கடிதமும் போட்டோம். அதற்கடுத்த கூட்டத்தில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பெஞ்ச் போட்டீங்களே, எந்தப் பக்கம் போட்டிருக்கீங்கன்னு போய்ப் பாத்தீங்களா?"

"இல்லீங்கம்மா."

"மத்தியானம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. எதிர்ப்பக்கம் மரத்தடியில போட்டிருந்தா என்ன? எழுதிக்கோ."

எழுதினேன். 37ஆம் எண். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

"வாசி."

வாசித்தேன். "மதியம் வெயில் அடிப்பதால் பெஞ்சை எதிர்ப்பக்கம் மரத்தடிக்கு மாற்ற வேண்டும்."

"மத்தியானம்னு போடு. மதியம்னு நான் எப்ப சொன்னேன்?"

அடித்துவிட்டுத் திருத்தினேன்.